ஸ்பிரிங் குட்டையானால் அப்சோர்பர் என்ன செய்யும்?

சனிக்கிழமை காலையில் கார் பட்டறைப் பக்கம் போனால் இந்தக் காட்சியைக் காணலாம். மைவியோ பழைய வீராவோ ஒன்று வந்து நிற்கும். இருபது வயதைத் தாண்டிய பிள்ளை இறங்குவான். "அண்ணே, ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் போட்டா எவ்வளவு இறங்கும்?" என்பது அவனுடைய முதல் கேள்வி. "அப்சோர்பர் என்ன போட்டிருக்கு தம்பி?" என்று பட்டறைக்காரர் திருப்பிக் கேட்டால், "கம்பெனி அப்சோர்பர்தாண்ணே, இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்பான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறைய வேண்டும். அவன் கவலை அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கார் அவன் ஒருவனுக்கு மட்டும் உரியதல்ல. திங்கட்கிழமை அப்பா அதில்தான் வேலைக்குப் போவார். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறிக்கொண்டு பத்துமலைக்குப் போவார்கள். பள்ளி விடுமுறையில் காராக் நெடுஞ்சாலை வளைவுகளில் மழையோடு மழையாக ஓடப் போவதும் அதே கார்தான். பின்னிருக்கையில் முதுகுவலிக்காரரான பாட்டியும் இருப்பார். ஆகவே இதை வெறும் அழகு விஷயமாகப் பார்க்க முடியாது.

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது அது அமுங்கி விரிகிறது. தனியாக விட்டால் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது அப்சோர்பர். உள்ளே எண்ணெய் இருக்கிறது. பிஸ்டனில் சிறு துவாரங்களும் வால்வுகளும் உள்ளன. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துவாரங்கள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், ஆட்டத்தின் வேகம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது. அமுங்கும் திசையைவிட விரியும் திசையில் அப்சோர்பருக்குப் பிடி அதிகம். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி விரிவதைத் தடுப்பதே அதன் பெரிய வேலை.

தாழ்த்தும் ஸ்பிரிங் குட்டையாக இருப்பதோடு கடினமாகவும் இருக்கும். குட்டையான ஸ்பிரிங் பழைய மென்மையோடே இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் கார் அடி தட்டும் என்பதால்தான் தயாரிப்பாளர்கள் அதைக் கடினமாகச் செய்கிறார்கள். ஸ்பிரிங் 30 விழுக்காடு கடினமானால், பழைய அளவுக்கே ஆட்டத்தை அடக்க அப்சோர்பரின் பிடி ஏறக்குறைய 14 விழுக்காடு கூட வேண்டும். புதிய கம்பெனி அப்சோர்பர் இதைக் கொஞ்ச காலம் சமாளிக்கலாம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்துப்போன அப்சோர்பரால் முடியாது. அப்போதுதான் நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைத் தாண்டியதும் கார் இரண்டு மூன்று முறை குதிக்கிறது.

இன்னொரு சங்கதி, பிஸ்டன் நிற்கும் இடம். கார் 40 மில்லிமீட்டர் தாழ்ந்தால் சக்கரம் மேலே எழ மிச்சமிருக்கும் தூரமும் அவ்வளவு குறைகிறது. எடுத்துக்காட்டாக, ரப்பர் ஸ்டாப்பரைத் தொட முன்பு 80 மில்லிமீட்டர் இருந்தது என்றால் இப்போது பாதிதான். ஐந்து பேர் ஏறினால் அதிலும் கொஞ்சம் போய்விடும். பிறகு தாமான் சாலையின் பொங்கோல் ஒவ்வொன்றிலும் கார் ஸ்டாப்பரின் மேல்தான் உட்கார்ந்து எழும். ரப்பர் கிழிந்தால் அடுத்த அடி அப்சோர்பரின் உடம்பில் விழும். சீல் போய் எண்ணெய் ஒழுகுவது பெரும்பாலும் இப்படித் தொடங்குகிறது.

ஸ்பிரிங்கை வெட்டலாமா?

பணம் மிச்சம் என்று கிரைண்டரால் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் 20 விழுக்காடு கடினமாகிறது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. வெட்டும் சூட்டில் அந்த இடத்து எஃகின் பதமும் கெடலாம். மைவி போன்ற கார்களில் பின்பக்க ஸ்பிரிங் அப்சோர்பரைச் சுற்றி இராமல் தனியாக நிற்கிறது. பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, வெட்டிய ஸ்பிரிங் தளர்ந்து இடம் விட்டு நகர வாய்ப்புண்டு. மறுபடி சக்கரம் எழும்போது அது எங்கே உட்காரும் என்று யாருக்குத் தெரியும்? இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஸ்பிரிங். அந்தக் காருக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஐபாக், ஜப்பானின் டெய்ன் போன்ற பெயர்கள் நம் இளைஞர்களுக்கு மனப்பாடம். ஆனாலும் டப்பாவில் உள்ள பெயரைவிட, தன் காரின் மாடலும் ஆண்டும் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். தினமும் குடும்பம் ஏறும் காருக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் தாழ்வு போதும். அதற்கு மேல் போனால் வேறொரு வினோதம் நடக்கும். வீராவிலும் மைவியிலும் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. காரை அதிகம் தாழ்த்தினால் லோவர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்கிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. தாழ்ந்த கார் வளைவில் குறைவாகச் சாயும் என்று நினைத்தவர், கடினமான ஸ்பிரிங் கொடுத்த ஆதாயத்தில் ஒரு பகுதியை இங்கே இழக்கிறார்.

அடுத்து அப்சோர்பர். இறுக்கத்தை மாற்றக்கூடிய வகையை ஏன் வாங்க வேண்டும்? ஸ்பிரிங் கடினமானதற்கு ஏற்ப பிடியைக் கூட்டிக்கொள்ளலாம். ஆண்டுகள் கழித்து அப்சோர்பர் தேய்ந்தால் மேலும் கொஞ்சம் திருகி ஈடுகட்டலாம். நெதர்லாந்தின் கோனி நிறுவனத்து மஞ்சள் அப்சோர்பரில் விரியும் திசைப் பிடியை மட்டும் மாற்ற முடியும். அமுங்கும் திசை அப்படியே இருக்கும். பொங்கோல் நிறைந்த ஊருக்கு இது நல்லது, இறுக்கினாலும் மேட்டில் அடி கூடாது. சில மாடல்களில் தண்டின் உச்சியிலேயே திருகு இருக்கும், பானெட்டைத் திறந்து மாற்றலாம். சிலவற்றில் கழற்றி, முழுதாக அமுக்கித்தான் திருக வேண்டும். வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது, இல்லையென்றால் ஒருமுறை வைத்த இடத்திலேயே அது ஆயுள் முழுக்க இருந்துவிடும். 2000ஆம் ஆண்டுகளில் பலர் தேடிப்பிடித்த காயாபா ஏஜிஎக்ஸ் வகையில் 4 அல்லது 8 நிலைகள் எண்ணிட்டு இருக்கும். எண்ணைப் பார்த்து வைப்பது சுலபம்.

இந்தத் திருகு காரின் உயரத்தை மாற்றாது. உயரத்தையும் மாற்ற வேண்டும் என்றால் ஹை-லோ செட் வாங்க வேண்டும். அது வேறு கணக்கு, வேறு விலை.

ஹாப்-கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய அப்சோர்பர் மலிவாகக் கிடைக்கும். தண்டைக் கையால் முழுதாக அமுக்கி, இழுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது பிடியில்லாமல் வழுக்கினாலோ, தண்டில் கீறலோ எண்ணெய்ப் பிசுக்கோ தெரிந்தாலோ வைத்துவிட்டு வருவது மேல்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

ஸ்பிரிங் மாற்றுவது வீட்டு வாசலில் செய்யும் வேலையல்ல. அமுங்கிய ஸ்பிரிங்கில் ஓர் ஆளைக் காயப்படுத்தும் விசை அடங்கியிருக்கிறது. ஸ்பிரிங் கம்பிரஸர் இரு பக்கமும் சமமாகப் பிடித்து, மேல் தட்டில் அழுத்தம் விட்டுப்போன பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கலாம்.

கழற்றிய பழைய மவுண்டிங்கைக் கையில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் கரகரத்தால், ரப்பர் வெடித்திருந்தால், அப்போதே மாற்றுவது லாபம். அதே வேலைக்கு மறுபடி கூலி கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஸ்டாப்பரை வெட்ட வேண்டும் என்று ஸ்பிரிங் தயாரிப்பாளர் எழுதியிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டலாம். முழுதாக எடுத்து எறிவது தவறு. ஸ்பிரிங்கின் முனை தட்டிலுள்ள பள்ளத்தில் போய் முட்டி நிற்க வேண்டும்.

அப்சோர்பர் தண்டின் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்குவது பல இடங்களில் நடக்கிறது. தண்டு உள்ளே சுழன்று சீலும் வால்வும் பாழாகும். தண்டைப் பிடித்துக்கொண்டு கைச் சாவியால் இறுக்கி, டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, புஷ் ரப்பர். லோவர் ஆர்ம், அப்சோர்பர் அடிப் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். சில மாதங்களில் கிழிந்து 'கடக் கடக்' என்று சத்தம் வரும். பழி ஸ்பிரிங்மேல் விழும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் அந்தப் போல்ட்டுகளை முழுதாக இறுக்க வேண்டும்.

எந்த நிலையில் வைப்பது?

கொஞ்ச தூரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் கட்டாயம். கார் தாழ்ந்ததும் சக்கரங்களின் சாய்வும் திசையும் மாறிவிடுகின்றன. அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உட்பக்கம் மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கம்பி தெரியும். மழைச் சாலையில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹெட்லைட்டின் கோணத்தையும் அன்றே சரிபார்த்துக்கொள்ள வேண்டும், முன்னும் பின்னும் ஒரே அளவு தாழ்வதில்லை.

அப்சோர்பரை முதலில் மிக மென்மையான நிலையில் வைத்துத் தெரிந்த சாலையில் ஓட்ட வேண்டும். மேட்டைத் தாண்டியதும் கார் மிதந்தால் ஒரு படி இறுக்கலாம். இடமும் வலமும் ஒரே நிலையில் இருப்பது அவசியம். ஒருமுறை எழுந்து அமர்ந்து அடங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். அதையும் தாண்டி இறுக்கினால் ஸ்பிரிங் விரியச் சமயம் கிடைக்காது. அடுத்தடுத்து வரும் மேடுகளில் கார் படிப்படியாகக் கீழே அமர்ந்துகொண்டே போகும், சக்கரம் சாலையை விட்டுத் தாவும். பிள்ளைகள் இதைத்தான் 'ரேசிங் கார் மாதிரி கெட்டி' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் டயருக்குச் சாலையில் பிடி இல்லை, பிரேக் தூரமும் கூடுகிறது. பின்னிருக்கையில் பாட்டியை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் எந்த நிலை சரி என்று அவரே சொல்லிவிடுவார்.

காரின் அமைப்பில் செய்யும் மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரிகளின் சோதனைக்கு உட்பட்டது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளையும் ஒழுகாத அப்சோர்பர்களையும் இரும்புக் கடைக்குப் போடாமல், எது இடது எது வலது என்று எழுதி ஸ்டோரில் வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்கப் பரிசோதனைக்கு அனுப்பும் நாளில் தேவைப்படும்.