பரவியிருக்குமா? ஒரு மில்லிமீட்டர் கணக்கு

மாமா குதிகாலில் இருந்த கருப்பை ரெண்டு வருஷம் கால் ஆணி என்றே நினைத்திருந்தார். வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ணினால் மெலனோமா. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மாப்ள, இது பரவியிருக்குமா?" நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுகிறவன். ஒரு வாரம் படித்துப் புரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

முக்கியம் அகலம் இல்லை, ஆழம். புற்று தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை வைத்து ஆபத்தைக் கணிக்கலாம் என்று 1970ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டினார். இன்றும் ரிப்போர்ட்டில் 'பிரெஸ்லோ தடிமன்' என்று வருவது அதுதான். மேல்தோல் புண்ணாகியிருந்தால் ஆபத்து கூடும்.

காலில் அடிபட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டுமில்லையா? அந்த நிணநீர்க் கணுவுக்குத்தான் புற்றும் பெரும்பாலும் முதலில் போகும். கணக்கு ஏறக்குறைய இப்படி:

- 0.8 மி.மீ.க்குக் கீழே, புண் இல்லை: வாய்ப்பு 5%க்கும் குறைவு. பொதுவாகக் கணுவைச் சோதிப்பதில்லை.
- 0.8 முதல் 1 வரை, அல்லது அதற்கும் கீழே ஆனால் புண் உண்டு: 5-10%. டாக்டரோடு பேசி முடிவு.
- 1க்கு மேல்: பெரும்பாலும் 10%க்கு மேல். சோதிக்கச் சொல்வார்கள்.

மாமாவுடையது 1.6.

கையால் தடவிப் பார்த்தால் போதாதா? போதாது. ஆரம்பத்தில் கணு வீங்கவே வீங்காது. அதனால் கட்டி இருந்த இடத்தில் சாயம் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் 'காவல் கணு'வை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். டொனால்ட் மோர்டன் குழு 1992ல் வெளியிட்ட முறை இது. இப்போது கதிரியக்கத் திரவமும் சேர்த்துப் போடுகிறார்கள். அந்தக் கணு சுத்தமாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சுத்தம்.

மாமாவின் காவல் கணுவில் துளியூண்டு இருந்தது. "மிச்சத்தையும் எடுத்துடச் சொல்லு" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் 2017ல் வந்த பெரிய ஆய்வில், எல்லாக் கணுக்களையும் எடுத்தவர்கள் ஸ்கேன் பார்த்துக் காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. கை கால் வீக்கம் மட்டும் 24% பேருக்கு, காத்திருந்தவர்களில் 6%. அதாவது இந்தச் சோதனை சிகிச்சை இல்லை, தகவல். அடுத்து மருந்து வேண்டுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் என்பதை அந்தத் தகவல்தான் சொல்கிறது. டாக்டரும் காத்திருக்கலாம் என்றார். மாமா இப்போது நாலு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போய்வருகிறார்.

நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், நகத்தடியில். யாரும் பார்க்காத இடங்கள். ரெண்டு வருஷம் முன்னாடியே காட்டியிருந்தால் அந்த 1.6 எவ்வளவாக இருந்திருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன். இன்றைக்கு ஒருமுறை காலைத் திருப்பிப் பாருங்கள்.