மூச்சுக்கு முன்னால் நிற்கும் வடிகட்டி

திருப்பூருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து முதியவர் ஒருவர், வீடு திரும்பிய ஆறாவது வாரத்திலேயே மீண்டும் எங்கள் நெஞ்சகப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் உள்ளவர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பியிருந்தோம். போகும்போது 92 ஆக இருந்த ஆக்சிஜன் அளவு, திரும்பி வந்தபோது 84. நோய் முற்றிவிட்டது என்றே வீட்டார் எண்ணிவிட்டனர். மகன், அக்கம்பக்கத்தார் சொற்கேட்டு, கருவியின் திருகை 2-லிருந்து 4-க்கு ஏற்றியும் பார்த்திருக்கிறார். பயனில்லை.

மருத்துவமனைச் சுவரிலுள்ள ஆக்சிஜன் இணைப்பில் அதே 2 லிட்டரை வைத்தோம். அரை மணி நேரத்தில் அளவு 91-க்கு வந்தது. ஊடுகதிர்ப் படத்திலும் இரத்தப் பரிசோதனையிலும் புதிதாக ஏதும் இல்லை. அப்போதுதான் செவிலியர் ஒருவர், "வீட்டிலுள்ள மிஷினின் ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் அம்மா?" என்று அவர் மனைவியிடம் கேட்டார். அம்மையார் சற்று விழித்துவிட்டு, "அதில் ஃபில்டர் வேறு இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாத்திரைச் சீட்டு, இன்ஹேலர் பழக்கம், உணவு முறை, அடுத்த பரிசோதனைத் தேதி என்று பத்துப் பன்னிரண்டு செய்திகளுக்கு நடுவே இதையும் ஒரு வரியில் சொல்லி முடித்திருந்தோம். மறுநாள் மகன் அந்த வடிகட்டியை ஒரு நெகிழிப் பையில் கொண்டுவந்து காட்டினார். கறுப்பு நுரைப்பஞ்சாக இருக்க வேண்டியது, வெள்ளைக் கம்பளித் துண்டுபோல் இருந்தது. வீட்டின் முன்னறையில் இரண்டு ஓவர்லாக் தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன. பனியன் துணியின் பஞ்சுத் தூசி முழுவதையும் தாத்தாவின் கருவி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஆகவேதான் இவ்விதழில் இதற்கென்றே இடம் ஒதுக்கினோம்.

கான்சன்ட்ரேட்டர் என்று எல்லோரும் அழைக்கும் ஆக்சிஜன் செறிவூட்டி, ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன. கருவி அக்காற்றை இழுத்து, அழுத்தி, சியோலைட் என்னும் மணிகள் நிறைந்த உருளைகளுக்குள் செலுத்துகிறது. அம்மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஆக்சிஜன் மிகுந்த காற்று வெளியே வருகிறது. பிறகு அழுத்தம் தணிந்ததும் நைட்ரஜன் விடுபட்டு அறைக்கே திரும்புகிறது. 'புஸ்... புஸ்...' என்று இரவெல்லாம் கேட்கும் ஓசை அதனுடையதே. நல்ல நிலையிலுள்ள கருவி தரும் காற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கும்.

உள்ளே செல்லும் காற்று குறைந்தால் இந்த வேலை முழுவதும் தடுமாறும். அழுத்தம் போதாமல் நைட்ரஜன் சரியாகப் பிரியாது; கருவியும் சூடேறும். இதில் ஏமாற்றம் தரும் செய்தி ஒன்றுண்டு. கண்ணாடிக் குழலுக்குள் மிதக்கும் சிறு குண்டு அப்போதும் 2 என்ற கோட்டிலேயே நிற்கக்கூடும். அது காட்டுவது வெளியேறும் காற்றின் அளவை மட்டுமே. அக்காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அன்று. பல கருவிகளில் தூய்மை குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். முதியவர் வீட்டிலும் அது எரிந்திருக்கிறது. கரண்ட் ஏற்ற இறக்கம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

வடிகட்டியைக் கழுவுதல்

கருவியின் பின்புறமோ பக்கவாட்டிலோ சன்னல் போன்ற சட்டத்துக்குள் இருப்பது வெளி வடிகட்டி. கையால் இழுத்தாலே வந்துவிடும். வாரம் ஒருமுறை, நாள் ஒன்றைக் குறித்துவைத்துக்கொண்டு, கழுவ வேண்டும். நெசவு, தையல், மாவு மில், செங்கற்சூளை போன்றவை அருகில் இருந்தால் வாரம் இருமுறை. முதலில் கருவியை நிறுத்துங்கள். நோயாளிக்கு ஆக்சிஜன் தடைபடாமலிருக்க, மாற்று வடிகட்டியைப் பொருத்தி உடனே இயக்கிவிட்டுப் பிறகு நிதானமாகக் கழுவுவதே சிறந்தது. விலை அதிகமில்லை, கருவி வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ இரண்டாவது வடிகட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வடிகட்டி இல்லாமல் கருவியை ஒருபோதும் ஓடவிடாதீர்கள்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, நுரைப்பஞ்சை மெல்ல அமுக்கி அமுக்கி அழுக்கு நீங்கச் செய்து, சோப்பு முற்றும் போகும்வரை ஓடும் நீரில் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, கிழிந்துவிடும். துவைப்பு இயந்திரமும் பிளீச்சும் ஆகாது. சுத்தமான துண்டில் ஒற்றி எடுத்து, நிழலில் காயவிடுங்கள்.

காய்வது என்றால் முழுக்கக் காய்வது. நாங்கள் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சியோலைட் மணிகளுக்கு நைட்ரஜனைவிட நீரின்மேல் நாட்டம் மிகுதி. ஈர வடிகட்டி வழியாக உள்ளே போகும் ஈரம் அம்மணிகளில் ஒட்டிக்கொண்டால், நைட்ரஜனைப் பிடிக்க அவற்றுக்கு இடமிராது. கழுவாத வடிகட்டியின் கேட்டைக் கழுவிச் சரிசெய்யலாம். மணிகள் கெட்டால் உருளையையே மாற்ற வேண்டியிருக்கும்.

உள்ளே இன்னொரு வடிகட்டி உண்டு. தாளை மடித்ததுபோலவோ தடித்த கம்பளம்போலவோ இருக்கும். அதைத் தண்ணீரில் காட்டவே கூடாது. பழுது பார்ப்பவர் வரும்போது மாற்றித் தருவார். சில புதிய கருவிகளில் வெளி வடிகட்டியே இராது. அவ்வாறாயின் கையேட்டைப் பாருங்கள்.

கருவியை வைக்கும் இடமும் வடிகட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளியிருக்கட்டும். சமையலறை, பூசை அறை இரண்டும் வேண்டா. ஊதுபத்திச் சாம்பலும் கொசுவர்த்திப் புகையும் வடிகட்டியில் படிவது ஒருபுறம். ஆக்சிஜனுக்கு அருகில் நெருப்பு என்பது அதனினும் பெரிய ஆபத்து. விளக்கு, கற்பூரம், அடுப்பு, பீடி எதுவாயினும் நோயாளியிடமிருந்து 10 அடிக்கு அப்பால்.

தண்ணீர்க் குப்பி

கருவியின் முன்புறம் குமிழியிடும் சிறு குப்பியே ஈரமூட்டி. வறண்ட ஆக்சிஜன் மூக்கை உலர்த்திப் புண்ணாக்காமலிருக்க வைக்கப்படுவது. எல்லோருக்கும் அது தேவை என்பதில்லை. நிமிடத்துக்கு 4 லிட்டருக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் பலருக்குக் குப்பி இல்லாமலேயே சரியாக இருக்கும். எங்களைக் கேட்டால் சொல்வோம். தேவையில்லாதவருக்குக் குப்பியும் இல்லாமல், கழுவும் வேலையும் இல்லாமல் போகும். எங்களுக்கும் அதுவே மகிழ்ச்சி.

தேவைப்படுவோர் நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். குறைந்த நீரின்மேல் புதுநீரை ஊற்றி நிரப்புவது பரவலான பழக்கம், அது தவறு. பழைய நீரைக் கொட்டிவிட்டு, அலசி, பிறகே நிரப்புக. இரண்டு கோடுகளுக்கு இடையில் நீர் நிற்கட்டும். மேல்கோட்டைத் தாண்டினால் நீர் குழாயேறி மூக்குக்கு வந்துவிடும். வாரத்தில் இருமுறை சோப்பு நீரில் கழுவி, வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு என்ற கலவையில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்கு அலசிக் காயவைக்க வேண்டும். கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுக. விரலால் தடவிப் பாருங்கள்: உட்புறம் வழுவழுப்பாகப் பட்டால், கண்ணுக்குத் தெரியாத பாசி படியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எந்தத் தண்ணீர் என்பதே எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. மருந்துக்கடையில் கிடைக்கும் வடிநீர் சிறந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் 'டிஸ்டில்டு வாட்டர்' பெயரளவில் அதுவே ஆயினும், மூச்சில் கலப்பதற்காக அடைக்கப்பட்டதன்று, வேண்டா. வடிநீர் கிடைக்காத நாளில், கொதிக்கவைத்து ஆறிய நீர் போதும். கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்தே ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. அவ்வுப்பு குமிழிவிடும் நுண்துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

குப்பியின் மூடி ஒரு மரை தவறிப் பூட்டப்பட்டாலும் ஆக்சிஜன் பக்கவாட்டில் கசிந்துவிடும். கழுவியபின் ஒவ்வொரு முறையும் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் மூக்குக் குழாயின் முனையை ஒரு தம்ளர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அங்கும் குமிழி வர வேண்டும். பிறகு துடைத்துவிட்டு மாட்டுங்கள். எங்கள் பிரிவில் "மிஷின் வேலை செய்யவில்லை" என்று வரும் முறையீடுகளில் இந்த மூடிக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி, ஊற்றக் கூடாதவை. சளிக்கு நல்லது என்று நீலகிரித் தைலம், கற்பூரம், தலைவலித் தைலம் இவற்றைக் குப்பியில் சேர்ப்போர் உளர். நம் வீடுகளில் ஆவி பிடிக்கும் பழக்கம் பழையது. ஆனால் இது ஆவி பிடிக்கும் சட்டி அன்று. எண்ணெய்ப் பொருளும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பற்றும் வாய்ப்பு கூடும். நோயுற்ற நுரையீரலுக்கு அந்த எண்ணெய் தீங்கும் செய்யும். மூக்கு உலர்ந்தால் தேங்காய் எண்ணெய் தடவுவதையும் விடுத்து, நீரில் கரையும் களிம்பு எது என்று எங்களிடம் கேளுங்கள்.

கிருமிநாசினியை நீரிலேயே கலந்துவிட்டால் கழுவும் தொல்லை இராதே என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயமே, ஒரு நாடே அவ்வாறு எண்ணியது. தென்கொரியாவில் அறை ஈரமூட்டிகளின் நீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினிகள் பல ஆண்டுகள் கடைகளில் விற்கப்பட்டன. 2011-இல் கருவுற்ற பெண்களும் புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களும் காரணம் தெரியாத கடும் நுரையீரல் நோயுடன் சியோலின் மருத்துவமனைக்கு வந்தபோது, விசாரணை அந்தத் திரவத்தில் போய் முடிந்தது. தோலில் பட்டால் பெரிய தீங்கு செய்யாத வேதிப்பொருள், நுண்துளியாக மூச்சில் ஏறியபோது நுரையீரலைத் தழும்பாக்கியது. பச்சிளங்குழந்தைகள் உட்படப் பலர் இறந்தனர். பாத்திரத்தை வேதிப்பொருளால் கழுவலாம், அலசிவிடலாம். சுவாசிக்கும் நீரில் அதைச் சேர்க்கக் கூடாது.

அறை ஈரமூட்டி

குழந்தைக்குச் சளி என்றதும் மூடுபனி விடும் ஈரமூட்டியை வாங்கிவருவது அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம் மிகுந்தது. அங்கு இது பெரும்பாலும் வீண்செலவு என்பது எங்கள் கருத்து. அறையில் ஈரம் 50 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சையும் தூசிப்பூச்சியும் பெருகி, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பு கூடும். இரவு முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையிலோ, உதகை போன்ற இடங்களில் ஹீட்டர் போட்ட அறையிலோ பயன் இருக்கலாம்.

வைத்தே தீர வேண்டுமெனில், எவ்வகை என்று அறிந்துகொள்ளுங்கள். அதிர்வால் நீரைத் துளியாக்கும் வகை, நீரிலுள்ள உப்பையும் கிருமியையும் சேர்த்தே காற்றில் தூவும். மேசைமேல் படியும் வெண்தூள் அந்த உப்பே. ஈரத் திண்டு வழியாக விசிறி காற்றை இழுக்கும் வகையில் உப்பு திண்டிலேயே தங்கிவிடும். அத்திண்டை வாரந்தோறும் குளிர்ந்த நீரில் அலசி, வெண்படிவு தெரிந்தால் வினிகர் நீரில் ஊறவைத்து அலச வேண்டும். விறைத்துப்போனாலோ, நாறினாலோ, கறுப்புப் புள்ளி கண்டாலோ கழுவுவதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். பயன்படுத்தாத நாட்களில் நீரைக் கொட்டி, உலர்த்தியே உள்ளே வையுங்கள்.

மீண்டும் அம்முதியவர். திருகை 4-க்கு ஏற்றியதைப் பற்றி மகனிடம் தனியே பேசினோம். இந்நோயுள்ள சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தூக்கமும் மயக்கமுமாகக் கொண்டுபோய்விடும். அளவு குறைந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, குப்பியின் மூடி சரியா, வடிகட்டி சுத்தமா, மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கைவசம் மாற்று உருளை இருந்தால் அதே 2 லிட்டரில் அதற்கு மாற்றுங்கள். அதற்கும் ஏறாவிட்டால், அல்லது உதடு நீலம் பாரித்தால், பேச்சுக் குழறினால், கருவியைச் சோதித்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

கருவி இப்போது பின்கட்டு அறைக்கு மாறியிருக்கிறது. நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைகளில் 'ஃ' என்று அம்மையார் குறித்து வருகிறார். சென்ற மாதப் பரிசோதனைக்கு வந்தபோது அளவு 93. அடுத்த முறை வருவோர் கருவியைத் தூக்கி வர வேண்டா. வெளி வடிகட்டியையும் தண்ணீர்க் குப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தால், நெஞ்சகப் பிரிவின் செவிலியர்கள் பார்த்துச் சொல்வார்கள்.