நிறுவுவது ஒரு நாள். காப்பது ஆண்டு முழுவதும்

அறிவியல் கண்காட்சிகளில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்: ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு, தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் மோட்டார். பார்வையாளர்கள் வியக்கிறார்கள், பரிசும் கிடைக்கிறது. ஆனால், அடுத்த கல்வியாண்டில் அந்த மாதிரி இயங்குகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் அது அலமாரியில்தான் இருக்கும். ஒன்றை உருவாக்க மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறோம். அதைத் தொடர்ந்து இயங்க வைக்கக் கற்றுத் தருகிறோமா?

இந்தப் பாடத்தைக் கற்பிக்க ஏற்ற கருவிதான் ராஸ்பெரி பை என்னும் சிறிய ஒற்றைப் பலகைக் கணினி. பள்ளி மாணவர்கள் குறைந்த செலவில் நிரலாக்கம் கற்க வேண்டும் என்ற நோக்கத்துடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. இதில் இயங்கும் வீட்டுத் தானியக்க மென்பொருள்களில் பலரும் பயன்படுத்துவது ஹோம் அசிஸ்டென்ட். 2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள் பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் நம் மாணவர்கள் படிக்கும் அதே பைத்தான்தான்.

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பல கருவிகள் நிறுவனத்தின் தொலைதூரக் கணினியை நம்பி இயங்குபவை. இணையம் நின்றால் அவற்றில் சில நின்றுவிடும். ஹோம் அசிஸ்டென்ட் நம் கட்டடத்திலேயே இயங்குகிறது, தகவல்களையும் இங்கேயே சேமிக்கிறது.

நிறுவும் முறை

தேவையானவை: ராஸ்பெரி பை 4 அல்லது 5, குறைந்தது 32 ஜிபி மெமரி கார்டு, அந்தப் பலகைக்கென்றே உள்ள பவர் அடாப்டர், நெட்வொர்க் கேபிள், கார்டு ரீடருடன் ஒரு மடிக்கணினி. கையில் இருக்கும் செல்போன் சார்ஜரைப் பயன்படுத்த வேண்டாம். மின்சாரம் போதாமல் கணினி இடையிடையே நின்றுபோகும்.

1. மடிக்கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள்.
2. பலகையின் வகையைத் தேர்வு செய்து, இயங்குதளப் பட்டியலில் வீட்டுத் தானியக்கப் பிரிவில் உள்ள ஹோம் அசிஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுத்து, கார்டில் எழுதச் செய்யுங்கள். கார்டில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும்.
3. கார்டைப் பலகையில் செருகி, கேபிளை ரவுட்டரில் இணைத்து, மின்சாரம் கொடுங்கள். முதல் முறை தேவையான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். சில நிமிடங்கள் காத்திருங்கள்.
4. அதே ரவுட்டரில் இணைந்த கணினியின் உலாவியில், 'ஹோம்அசிஸ்டென்ட் டாட் லோக்கல்' என்ற முகவரியை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 8123 என்ற எண்ணைச் சேருங்கள். கணக்குத் தொடங்கும் பக்கம் திறக்கும்.

வகுப்பறைக்கு ஏற்ற முதல் முயற்சி வெப்பநிலைப் பதிவு. ஈஎஸ்பி32 என்ற சிறு பலகையில் வெப்பநிலை உணரியை இணைத்தால், வைஃபை வழியாக அளவுகள் வந்து சேரும். திரையில் வரைபடம் தானாக உருவாகும். கிழக்குப் பார்த்த வகுப்பறையும் மேற்குப் பார்த்த வகுப்பறையும் எந்த நேரத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்தே நடத்தலாம். ஓர் எச்சரிக்கை: 230 வோல்ட் மின்இணைப்பில் மாணவர்கள் கை வைக்கவே கூடாது. மோட்டார், மின்விசிறி போன்றவற்றைத் தகுதி பெற்ற மின்பணியாளர் மட்டுமே இணைக்க வேண்டும்.

மேம்படுத்தும்போது

ஹோம் அசிஸ்டென்ட்டின் புதிய பதிப்பு மாதந்தோறும் வருகிறது. பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் சொல்லும். 2025.6 என்றால் 2025 ஜூன் பதிப்பு. அதன்பின் 2025.6.1, 2025.6.2 என்று வருபவை பிழைத் திருத்தங்கள். அமைப்புகள் பக்கத்தில் 'அப்டேட்' என்ற அறிவிப்பு வந்ததும் அழுத்திவிடத் தோன்றும். அதற்கு முன் மூன்று வேலைகள் உள்ளன.

முதலாவது, காப்பு நகல். மென்பொருளே நகல் எடுத்துத் தரும். ஆனால் அந்த நகலும் அதே மெமரி கார்டில் இருந்தால் பயனில்லை. ஓயாமல் எழுதப்படும் கார்டு நாளடைவில் தேயும். திடீர் மின்வெட்டிலும் பழுதாகலாம். கார்டு போனால் நகலும் சேர்ந்து போகும். எனவே, நகலை வேறொரு கணினிக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுங்கள். தானியங்கி நகல்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றைத் திறக்க உதவும் சாவிக் குறியீட்டைத் தனியே பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் நகல் இருந்தும் திறக்க முடியாது.

இரண்டாவது, வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பது. பழைய அமைப்போடு ஒத்துப்போகாத மாற்றங்கள் அதில் தனிப் பகுதியாகத் தரப்பட்டிருக்கும். நாம் பயன்படுத்தும் கருவியின் பெயர் அங்கே இருந்தால், முதலில் அதற்கான மாற்றத்தைத் திட்டமிட வேண்டும். பழைய பலகை வைத்திருப்போர் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 32 பிட் கருவிகளுக்கான ஆதரவு முடிவுக்கு வருவதாக 2025-இல் அறிவித்தார்கள்.

மூன்றாவது, நேரம் தேர்வது. மாதத்தின் முதல் பதிப்பு வந்தவுடன் பாயாமல், ஒன்றிரண்டு திருத்தங்கள் வரும்வரை பொறுக்கலாம். கண்காட்சிக்கு முந்தைய நாளில் மேம்படுத்தவே வேண்டாம். அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் சரியல்ல. பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காமல் போகும். ஒரேயடியாகத் தாண்டும்போது மாற்றங்கள் எல்லாம் குவிந்து நிற்கும், எது எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பது கடினமாகும்.

மாணவர் குழுவின் கையில்

இந்த வேலையை நால்வர் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஒருவர் குறிப்பைப் படித்து வகுப்புக்குத் தமிழில் விளக்குவார். ஒருவர் நகல் எடுத்து வேறிடத்தில் சேமிப்பார். ஒருவர் மேம்படுத்திய பின் உணரிகள், வரைபடம், தானியக்க விதிகள் ஒவ்வொன்றும் இயங்குகின்றனவா என்று சரிபார்ப்பார். ஒருவர் தேதி, பழைய பதிப்பு, புதிய பதிப்பு, கண்ட சிக்கல் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவார். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு அந்தப் பதிவேடே வழிகாட்டி.

பருவத்துக்கு ஒருமுறை மீட்டெடுக்கும் பயிற்சியும் தேவை. இன்னொரு கார்டில் புதிதாக நிறுவி, தொடக்கப் பக்கத்திலேயே உள்ள மீட்டெடுக்கும் வசதி வழியாகக் காப்பு நகலைக் கொடுத்துப் பாருங்கள். பழைய வரைபடம் திரும்பி வந்தால்தான் அது காப்பு நகல். அதுவரை அது வெறும் கோப்பு.

மதிப்பெண் பட்டியலானாலும், அலுவலகக் கோப்பானாலும், நாளை அவர்கள் வேலை செய்யப்போகும் வங்கியின் கணினியானாலும் இந்த ஒழுங்கு ஒன்றுதான்: திரும்பி வரும் வழியை உறுதி செய்துகொண்ட பிறகே முன்னே அடி வைக்க வேண்டும். உங்கள் பள்ளியின் கண்காட்சி மாதிரி ஒன்று அலமாரியில் இருக்கிறதா? அதை வெளியே எடுங்கள், ஒரு பதிவேட்டையும் சேர்த்து.