புகையோடு போகும் வெப்பம்

கொழும்பிலிருந்து கண்டி வீதியிற் செல்வோர் வரக்காப்பொலையில் இறங்கி எள்ளுருண்டை வாங்குவர். இறப்பர் மரங்கள் அடர்ந்த குன்றுகளைக் கண்டு மகிழ்வர். அக்குன்றுகளுக்கு அப்பால் எழும் புகையை நோக்குவோர் சிலரே. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளிற் கொழுந்தை உலர்த்தப் பெரும்பாலும் விறகே எரிக்கப்படுகின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு வேண்டும். பால்வெட்டு ஓய்ந்த இறப்பர் மரங்களும் அவ்விறகாகின்றன. அதன் வெப்பத்தில் ஒரு பங்கு தேயிலையை அடையாமலே புகைபோக்கி வழியே வெளியேறுகின்றது. அதனை மீட்கும் கருவியின் அளவைத் துணிவது எங்ஙனம் என்பதையே ஈண்டு ஆராய்கின்றோம்.

முற்காலத்தில் தேயிலையைக் கரியடுப்பின்மீது தட்டுக்களில் இட்டு உலர்த்தினர். அசாமிலே தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் என்பார் உலர்த்தும் பொறிகளை அமைத்து, 1881 இல் பெல்பாஸ்ற் நகரிற் 'சிறொக்கோ' தொழிற்சாலையை நிறுவினார். புகை வேறு, தேயிலையைத் தீண்டும் காற்று வேறு. இரண்டிற்கும் இடையே உலோகச் சுவர் ஒன்று நிற்றல் வேண்டும். புகைநாற்றம் ஏறிய தேயிலை விலைபோகாது. நாம் அமைக்கும் வெப்பமாற்றிக்கும் இதுவே முதல் விதி.

சுவரின் ஒருபுறம் புகையும் மறுபுறம் காற்றும் ஒரே திசையிற் சென்றால், தொடக்கத்தில் வெப்பநிலை வேறுபாடு மிகுந்தும் முடிவில் மிகக் குன்றியும் நிற்கும். எதிரெதிர்த் திசைகளிற் செலுத்தினால் வேறுபாடு நெடுகிலும் ஏறக்குறைய ஒரு சீராக இருக்கும். இதுவே எதிர்ப்பாய்ச்சல்.

உதாரணமாக ஓர் உலையைக் கொள்வோம். செக்கனுக்கு அரைக் கிலோ புகை 220 பாகை செல்சியசில் வருகின்றது. அதனை 140 பாகைக்கு இறக்க விரும்புகின்றோம். புகையின் தன்வெப்பம் 1.1 கிலோயூல் எனின், கிடைப்பது 0.5 × 1.1 × 80 = 44 கிலோவாற்று. செக்கனுக்கு அரைக் கிலோ காற்று அதனைப் பெற்று 30 பாகையிலிருந்து 118 பாகைக்கு ஏறும். எதிர்ப்பாய்ச்சலில் ஓர் அந்தத்தின் வேறுபாடு 102 பாகை, மற்றையதில் 110. இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் விகிதத்தின் இயற்கை மடக்கையால் வகுத்தால் 106 பாகை வரும். இது மடக்கைச் சராசரி எனப்படும். புகையிலிருந்து காற்றுக்குச் சதுர மீற்றருக்குப் பாகை ஒன்றிற்கு 20 உவாற்றுக் கடக்கும் எனக் கொண்டால், வேண்டிய பரப்பு 44,000 ÷ (20 × 106), அதாவது ஏறக்குறைய 21 சதுர மீற்றர். ஒரே திசைப் பாய்ச்சலாயின் சராசரி 78 பாகையே. பரப்பு 28 சதுர மீற்றராகும்.

ஆசை மேலும் தூண்டும்: புகையை 80 பாகைவரை இறக்கினால் என்ன? கிடைக்கும் வெப்பம் 77 கிலோவாற்று. முன்னையதிலும் முக்கால் மடங்கு அதிகம். ஆனால் காற்று 184 பாகைக்கு ஏறுவதால் அந்தங்களின் வேறுபாடு 36 உம் 50 உமாகச் சுருங்கும். பரப்போ 90 சதுர மீற்றரைத் தாண்டும். வெப்பம் இரு மடங்காகுமுன் இரும்பு நான்கு மடங்குக்கு மேலாகிவிடும். வேறோர் இடரும் உண்டு. குளிர்ந்த அந்தத்திற் சுவரின் வெப்பநிலை 80 இற்கும் 30 இற்கும் நடுவே, 55 பாகையளவில் நிற்கும். ஈரவிறகின் புகை அங்கே வியர்க்கும், தாரும் கரியும் ஒட்டும், குழாய் அடைபடும், உலையின் இழுவை குன்றும். 140 பாகையில் நிறுத்தினால் அச்சுவர் 85 பாகையளவில் இருக்கும்.

ஆகவே முன்னைய கணக்கையே கொள்வோம். 50 மில்லிமீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீளமும் உள்ள குழாயொன்றின் பரப்பு 0.47 சதுர மீற்றர். 44 குழாய்கள் போதும். கரி படிவதை எண்ணி 50 வைப்பது நன்று. புகை குழாய்களினுள்ளே நேராகச் செல்லட்டும்; அப்போதுதான் துடைப்பத்தை நுழைத்துத் துலக்கலாம். விசிறியைக் காற்று நுழையும் வாயிலில் வைத்தல் வேண்டும். குழாய் துளைபட்டாலும் அமுக்கம் மிகுந்த காற்றே புகைக்குட் புகும். புகை தேயிலையைச் சேராது.

44 கிலோவாற்று என்பது மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 158 மெகாயூல். உலர்ந்த விறகு கிலோவுக்கு 14 மெகாயூல் தருமெனின், 11 கிலோ விறகின் வெப்பம் அது. பத்து மணித்தியாலம் உலை எரிந்தால் 110 கிலோ. அவ்விறகு மரத்திலிருந்து வெட்டப்பட்டது. உலைவாயில்வரை தொழிலாளரின் கையாலும் தோளாலும் வந்தது. அவர்தம் உழைப்பில் ஒரு பங்கேனும் புகையாகாது காப்பது கணிதத்தின் கடமையன்றோ?

கல்லூரியில் மடக்கை அட்டவணையைப் புரட்டியபோது, இதனால் யாது பயன் என்று வினவியோர் எம்முள் பலர். விடை இக்குன்றுகளிற் புகையாய் எழுகின்றது. எல்லாவற்றையும் மீட்க முயல்வதன்று பொறியியல். எவ்விடத்தில் நிறுத்துவது என்று அறிவதே அது. இன்று பயிலும் இளவல்கள் அவ்வறிவுடன் இப்பக்கம் வருவாராக.