கிரான் தொடக்கப் பணிகளில் பிழை கண்டறிதல்

லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஆணைகளைக் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் பின்னணி நிரல் கிரான் ஆகும். இது 1979 இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது. டெபியன், உபுண்டு போன்ற வழங்கல்களில் உள்ள கிரான், 1987 இல் பால் விக்சி எழுதிய வடிவத்தின் வழிவந்தது. நிமிடம், மணி, நாள் முதலிய ஐந்து புலங்களுக்குப் பதிலாக "@ரீபூட்" என்று கிரான் அட்டவணையில் எழுதினால், கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவ்வரியிலுள்ள ஆணை ஒருமுறை இயங்கும்.

இவ்வாறு அமைத்த ஸ்கிரிப்ட் முனையத்தில் கையால் இயக்கும்போது சரியாக ஓடும். கணினி தொடங்கும்போது மட்டும் ஓடாது. திரையில் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. காப்புநகல் எடுக்கும் ஸ்கிரிப்டாக இருந்தால், நிலைவட்டு பழுதான பிறகுதான் பல மாதங்களாக நகலே எடுக்கப்படவில்லை என்பது தெரியவரும்.

சூழல் வேறுபாடு

பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் இதுவே. பயனர் உள்நுழையும்போது படிக்கப்படும் பாஷ் அமைப்புக் கோப்புகளைக் கிரான் படிப்பதில்லை. டெபியனில் அது தரும் "பாத்" மாறியில் பொதுவாக இரண்டு கோப்பகங்களே இருக்கும். பயனர் தனியாக நிறுவிய பைத்தான், நோட் போன்ற நிரல்கள் வேறிடத்தில் இருந்தால் "ஆணை காணப்படவில்லை" என்ற பிழையுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். எனவே ஆணைகளுக்கும் கோப்புகளுக்கும் முழுப் பாதையை எழுதுவது நல்லது. அட்டவணை வரியை இயக்குவது பாஷ் அல்ல, எளிய "எஸ்எச்" ஓடு. டெபியனிலும் உபுண்டுவிலும் அது டாஷ் என்பதால் பாஷுக்கே உரிய தொடரமைப்புகள் அங்கே செல்லா. அவ்வரியில் எழுதப்படும் சதவீதக் குறி புதிய வரியாகக் கொள்ளப்படும் என்பதும் பலரைத் தடுக்கிவிழச் செய்வது. கோப்புப் பெயரில் தேதி சேர்க்க முயல்வோர் இதில் அடிக்கடி சிக்குகின்றனர். குறிக்கு முன் பின்சாய்கோடு இட்டால் போதும்.

காலமும் வரிசையும்

கிரான் தொடங்கும் வேளையில் வலையிணைப்பு கிடைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பயனர் உள்நுழைந்த பிறகே திறக்கப்படும் மறையாக்கப்பட்ட இல்லக் கோப்பகத்தில் ஸ்கிரிப்ட் இருந்தால், அந்தக் கோப்பே அப்போது கண்ணில் படாது. ராஸ்பெரி பை கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐந்தாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் மின்சாரம் நின்றாலும் ஓடும் கடிகாரம் இல்லை. வலையிலிருந்து நேரம் பெறும் வரை அவை பழைய நேரத்தையே காட்டும். பதிவேட்டில் பழைய தேதி இருப்பதால் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்று தவறாக எண்ண நேரும். பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பும் இதனால் தோல்வியடையலாம்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் முப்பது அல்லது அறுபது நொடி காத்திருக்கச் செய்வது பலரும் கையாளும் வழி. இது ஒட்டுப்போடும் வேலைதான். வலையிணைப்பு உண்மையிலேயே தேவையெனில், சிஸ்டம்டி சேவையாக எழுதி, "நெட்வொர்க்-ஆன்லைன்" இலக்கை வேண்டுவதாகவும் அதற்குப் பின் தொடங்குவதாகவும் குறிப்பதே முறையானது.

கண்டறியும் முறை

முதலில் ஸ்கிரிப்ட் தொடங்கியதா என்பதைக் கிரான் பதிவேட்டில் பார்க்க வேண்டும். தொடங்கியிருந்தால் அது என்ன சொன்னது என்பது அடுத்த கேள்வி. கிரான் வெளியீட்டை மின்னஞ்சலாக அனுப்ப முயலும். அஞ்சல் நிரல் இல்லாத கணினியில் அது வீசப்பட்டுவிடும். ஆகவே இயல்பு வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட வேண்டும். பெரும்பாலும் அக்கோப்பின் முதல் வரியிலேயே விடை கிடைத்துவிடும். தொடங்கவே இல்லையெனில் இயக்க அனுமதி, அட்டவணை எந்தப் பயனருடையது, கடைசி வரிக்குப்பின் வரிமுறிவு உள்ளதா ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். விண்டோசில் தட்டச்சு செய்த ஸ்கிரிப்டில் வரியிறுதிக் குறிகள் வேறுபடுவதால் அதன் முதல் வரியே பிழையாகும்.

திருத்தத்தைச் சோதிக்கக் கிரான் சேவையை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் போதாது. டெபியன் வகைக் கிரான் அதைக் கணினித் தொடக்கமாகக் கொள்ளாமல் "@ரீபூட்" பணிகளைத் தவிர்த்துவிடும். கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.