எஞ்சின் இல்லாப் பந்தய வண்டி

நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையிலே நடைபெறும் மலையேறு மோட்டார்ப் பந்தயத்தை நம்மிற் பலர் அறிவர். மலையிறங்கும் பந்தயமும் ஒன்றுண்டு. அதற்கு எஞ்சின் வேண்டுவதில்லை. அமெரிக்காவின் டேற்றன் நகரிற் சிறுவர் தாமே செய்த வண்டிகளைச் சரிவில் ஓட்டக் கண்ட பத்திரிகைப் படப்பிடிப்பாளர் மைரன் ஸ்கொற், 1934இல் அதனை நாடளாவிய போட்டியாக்கினார். நமது தோட்டத்துப் பிள்ளைகளும் பழைய பெயாரிங்குகளைப் பலகையிற் பூட்டி விளையாடுவதுண்டன்றோ?

இவ்வண்டியின் வேகத்துக்கு மூலம் உயரமே. 10 மீற்றர் உயரம் இறங்கும் வண்டி, தடையேதும் இல்லையெனின் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் வேகம் பெறும். நிறை எதுவாயினும் இக்கணக்கு மாறாது. ஆயின், காற்றுத்தடை உள்ளவிடத்து ஒரே வடிவுடைய இரண்டனுள் பாரமானதே முந்தும். போட்டிகளில் நிறைக்கு வரம்பிடுவது இதனாலேயே. சில்லுகளோ இலேசாக இருத்தல் வேண்டும். அவற்றைச் சுழற்றுதற்கும் சக்தி செலவாகின்றது.

பிரேக்கை இறுதியிற் பூட்டலாமென எண்ணுதல் பெரும் பிழை. வேகம் இருமடங்காயின் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும். ஹற்றன் பகுதித் தோட்டப் பாதைகளில் மழையில் நனைந்த வளைவுகள் அத்தூரத்தைத் தருவதில்லை. ஆகவே முதலிற் பிரேக், அடுத்து ஸ்டியரிங், அதன்பின்னரே வேகம். ஓட்டமும் போக்குவரத்தை மறித்த பாதையில், தலைக்கவசத்துடனேயே நிகழ்தல் வேண்டும்.

வரைபவர், அறுப்பவர், பூட்டுபவர், ஓட்டுபவர் எனப் பலர் கூடினாலன்றி இவ்வண்டி உருவாகாது. தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களோடு பழகிய பழைய மாணவர் கைகொடுப்பாராயின், நம் மாணவர் பௌதிகத்தைக் கையாலும் கற்பர்.