எங்கே தங்குவது?



வெளியூர்ப் பயணம் புறப்படுகிறவர்கள் மூன்று செய்திகளை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எந்த ஊருக்குப் போவது என்பது முதலாவது. எப்படிப் போவது என்பது இரண்டாவது. போன இடத்தில் எங்கே தங்குவது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் பற்றி வீடே கூடிப் பேசுகிறது. வரைபடத்தை விரிக்கிறோம், ரயில் நேரங்களை ஆராய்கிறோம். மூன்றாவதைப் பற்றியோ, "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுகிறோம். மிஞ்சினால், வாடகை என்ன, மின்விசிறி உண்டா என்ற இரண்டு கேள்விகளோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. நானும் அவ்வாறு முடித்தவன்தான். அதனால் நேர்ந்த ஒரு வருத்தத்தையும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பாடத்தைக் கற்ற இடம் திருத்தணிகை.

திருத்தணிகை தமிழ்நாட்டின் வட எல்லையில் உள்ள மலைக்கோயில் ஊர். முருகப்பெருமானின் ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவது. சூரனோடு செய்த போரின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலால் தணிகை என்று பெயர் பெற்றது என்பர். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் தோன்றியபோது இவ்வூர் சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்திற்குப் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைகள் மாறினாலும் அடியார்கள் மாறவில்லை. இன்றும் இவ்வூர்க் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும்; ஆந்திர நாட்டிலிருந்து காவடி எடுத்து வருவோர் மிகப் பலர்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். அரக்கோணத்திலிருந்து 13 கிலோமீட்டர் அளவே. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் இவ்வூர் நிலையம் இருக்கிறது. மலையேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வண்டிகள் செல்லும் சாலை. மற்றொன்று படிவழி. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்று கணக்குச் சொல்வார்கள்.

இத்தகைய ஊருக்கு வருகிறவர் எங்கே தங்கலாம்? மூன்று வகையான இடங்கள் உண்டு. முதல் வகை, மலையடிவாரம். படிவழி தொடங்கும் இடத்திற்கும், சரவணப் பொய்கை என்னும் திருக்குளத்திற்கும் அருகில் இருப்பவை. நினைத்த நேரத்தில் எழுந்து படியேறலாம் என்பது இதன் சிறப்பு. திருவிழா நாளில் உறக்கம் இராது என்பது இதன் குறை. இரவெல்லாம் பம்பையும் உடுக்கையும் அரோகரா முழக்கமும் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாம் வகை, ஊருக்குள் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் சுற்றி இருப்பவை. வந்து இறங்கவும் திரும்பிச் செல்லவும் இவை வசதி; உணவுக்கடைகளும் அருகிலேயே உண்டு. மூன்றாம் வகை, அயலூர். அரக்கோணத்திலோ சென்னையிலோ திருப்பதியிலோ தங்கிக்கொண்டு, பகலில் வந்து வணங்கிவிட்டு மாலையில் திரும்புவது. சாதாரண நாளில் இதுவும் நல்ல வழியே.

இம்மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் விடை சொல்ல முடியாது. யாருக்கு, எந்த நாளில், எதற்காக என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். இதை நான் அறிந்துகொண்ட கதையைக் கேளுங்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். தாயில்லாத என்னை வளர்த்தவர் என் அத்தை. சிறு வயதில் எனக்குக் கடுங்காய்ச்சல் வந்தபோது, "பிள்ளை பிழைத்தால் ஆடிக் கிருத்திகையில் தணிகைப் படியெல்லாம் நடந்தே ஏறி வருகிறேன்" என்று அவர் வேண்டிக்கொண்டாராம். நான் பிழைத்தேன். ஆனால் வீட்டுச் சுமைகளில் அவருடைய வேண்டுதல் ஆண்டுதோறும் தள்ளிப் போயிற்று. அறுபது வயதை அவர் கடந்த பின், "இந்த ஆடிக்கு நான் அழைத்துப் போகிறேன்" என்று முன்வந்தேன். ஏற்பாடுகள் எல்லாம் என் பொறுப்பு.

அத்தைக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று எண்ணி, ஊருக்குள் நல்ல விடுதியாகப் பார்த்து அறை எடுத்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. கட்டிலில் மெத்தை இருந்தது. முதல்நாள் இரவு அத்தை மிகவும் மகிழ்ந்து, "ராஜா மாதிரி வைத்திருக்கிறாயே, தம்பி!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடிந்ததும் பெருமை கரைந்தது. கூட்டத்தின் காரணமாக வண்டிகளை மலைப்பக்கம் விடவில்லை. நாங்கள் நடந்தே போக வேண்டியதாயிற்று. காவடிகளுக்கு வழிவிட்டு, நின்று நின்று, மலையடியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அத்தையின் கால்கள் அதற்குள் வீங்கிவிட்டன. செருப்பில்லாமல் சூடேறிய கற்படிகளில் அறுபது படி ஏறியிருப்பார். ஓரமாக உட்கார்ந்துவிட்டார். நான் விசிறினேன், தண்ணீர் கொடுத்தேன். சிறிது நேரம் கழித்து அவர் மேலே நிமிர்ந்து பார்த்துக் கைகூப்பினார். "இங்கிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். வா, தம்பி, போகலாம்" என்றார். என்னைக் குறை கூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

கீழே இறங்கியதும் பூ விற்கும் ஓர் அம்மாளிடம் நிழலுக்காக ஒதுங்கினோம். எங்கள் நிலையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கிருத்திகைக்கு வருகிறவர்கள் முந்தின இரவே மலையடிக்கு வந்துவிட வேண்டும், ஐயா. பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கோழி கூவும் முன்னே படியில் கால் வைத்தால் வெயிலுக்கு முன் மேலே போய்விடலாம்." அந்த விடுதியில் எந்தக் குறையும் இல்லை. குறை என் கணக்கில் இருந்தது. அத்தையின் உறக்கத்திற்கு நான் இடம் பார்த்தேன். அத்தையின் வேண்டுதலுக்கு இடம் பார்க்கவில்லை.

நம் முன்னோர் இந்தக் கணக்கை நன்கு அறிந்திருந்தார்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரத்தை எண்ணிப் பாருங்கள். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்த இடம் அது. கால்நடையாகச் செல்பவன் எங்கே களைப்பான், எங்கே அவனுக்கு இருட்டும் என்று எண்ணியே வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தன. ரயில் வந்த பிறகு இந்த அறிவு புதிய இடம் தேடிக்கொண்டது. சென்னைச் சென்டிரல் நிலையத்திற்கு எதிரே சர் சவலை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் அதற்குச் சான்று. அங்கே மெத்தை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நள்ளிரவில் வண்டியிலிருந்து இறங்குகிறவன் மூட்டையோடு நெடுந்தூரம் நடக்க வேண்டாம் என்பதே பெரிய வசதியாக இருந்தது.

மேலைநாட்டில் இதே எண்ணம் ஓர் ஆசிரியர் உள்ளத்தில் எழுந்தது. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்பவர் 1909-ஆம் ஆண்டு தம் மாணவர்களோடு நடைப்பயணம் சென்றபோது மழையில் அகப்பட்டுக்கொண்டார். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடமே அன்றிரவு அவர்களுக்குப் புகலிடமாயிற்று. ஒரு நாள் நடக்கும் தொலைவுக்கு ஒன்றாக இளைஞர் விடுதிகள் இருந்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1912-இல் ஆல்டனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் அத்தகைய விடுதி உருவாயிற்று. அந்த இயக்கம்தான் பின்னர் உலகெங்கும் பரவியது. நம் சத்திரத்திற்கும் அதற்கும் கணக்கு ஒன்றே அல்லவா?

அந்த இளைஞர் விடுதிகளுள் புகழ்பெற்ற ஒன்று சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. உங்களில் சிலர் நாளை உயர்கல்விக்கோ சுற்றுலாவுக்கோ அங்கே செல்லக்கூடும். ஆகையால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் அமைந்த நகரம். அங்கே ஒரு தீவின் கரையில் மூன்று பாய்மரங்கள் உடைய வெண்ணிறக் கப்பல் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. ஆஃப் சாப்மன் என்பது அதன் பெயர். டாக்டர் இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்த அதே 1888-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கட்டப்பட்ட கப்பல் அது. கடலோடி ஓய்ந்தபின், 1949-இல் இளைஞர் விடுதியாயிற்று. அதன் மேல்தளத்தில் நின்றால் நீருக்கு அப்பால் பழைய நகரமும் அரசர் மாளிகையும் தோன்றும். சற்றுத் தள்ளி, 1874-இல் திறக்கப்பட்ட கிராண்டு ஓட்டல் நிற்கிறது. அது செல்வர் விடுதி. அதன் முன் அறைகளிலிருந்து தெரிவதும் அதே அரசர் மாளிகைதான். இடம் அறிந்து தேர்ந்தால், மாணவன் பணத்திலும் செல்வர் காட்சி கிடைக்கிறது!

அந்நகரில் தங்குவதற்கும் திருத்தணிக்கணக்கே பொருந்தும். பழைய நகரத்தையும், 1628-இல் மூழ்கி 1961-இல் வெளியே எடுக்கப்பட்ட வாசா என்னும் போர்க்கப்பலையும் காணவே செல்கிறீர்களா? நடுத் தீவுகளில் தங்குவது நன்று. விடியற்காலையில் விமானம் ஏற வேண்டுமா? முதன்மை விமான நிலையமாகிய ஆர்லாண்டா நகருக்கு வடக்கே 40 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஆதலால் மத்திய ரயில் நிலையத்தின் அருகே தங்குவது நன்று. ஸ்டாக்ஹோம் என்ற பெயரைச் சேர்த்துச் சொல்லும் ஸ்காவ்ஸ்டா விமான நிலையமோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெயரைப் பார்த்துத் தொலைவை மறந்தால் துன்பம்தான். காலத்தையும் கருத வேண்டும். டிசம்பரில் அங்கே பிற்பகல் மூன்று மணிக்குள் கதிரவன் மறைந்துவிடுவான். தொலைவில் தங்கியவன் இருளிலேயே போய் இருளிலேயே வர நேரிடும். ஜூனிலோ பகல் பதினெட்டு மணி நேரத்திற்கும் மேல் நீளும்; சன்னலுக்குத் தடித்த திரை இல்லாவிட்டால் உறக்கம் வராது. இளைஞர் விடுதிகள் சிலவற்றில் படுக்கை விரிப்பை நாமே கொண்டுபோக வேண்டும். இல்லையேல் தனி வாடகை. சத்திரத்துக்குப் பாய் சுருட்டிக்கொண்டு போன நமக்கு இது புதிதன்று.

ஆகவே, நண்பர்களே, தங்குமிடம் தேடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் உங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தின் நோக்கம் என்ன? அந்த நோக்கம் நிறைவேற, எந்த மணிக்கு எந்த இடத்தில் நிற்க வேண்டும்? உடன் வருகிறவர்களில் மிகவும் தளர்ந்தவர் யார். அவர் கால் எவ்வளவு தொலைவு தாங்கும்? அந்த நாள் திருவிழா நாளா, சாதாரண நாளா? வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு? இவற்றுக்கு விடை கண்ட பிறகு, தண்ணீர், தூய்மை, கதவின் தாழ்ப்பாள் ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரையாவது முன்கூட்டிக் கேளுங்கள். பூ விற்கும் அம்மாளுக்குத் தெரிந்தது, புத்தகம் படித்த எனக்குத் தெரியவில்லையே! நுழைவுத் தேர்வு எழுத வெளியூர் செல்லும் மாணவனுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். தேர்வுக்கூடத்திற்குப் பக்கத்தில் உள்ள எளிய அறை, நகரின் மறுகோடியில் உள்ள மாளிகையைவிட மேலானது.

அத்தையின் கதையை முடிக்காமல் விடக்கூடாது. மறு ஆண்டு ஆடிக்கு ஒரு வாரம் முன்பே நான் தனியாகத் திருத்தணிக்குப் போனேன். மலையடியில் ஒரு சிறிய கூடத்தில் இடம் கேட்டு வைத்தேன். சுவரில் காரை பெயர்ந்திருந்தது; கட்டில் இல்லை. கிருத்திகைக்கு முந்தின மாலையே அத்தையோடு அங்கே வந்து சேர்ந்தேன். வாத்திய முழக்கத்தில் இருவரும் கண்ணயரவில்லை. பொழுது விடிய வெகுநேரம் இருக்கும்போதே நீராடிப் படியில் கால் வைத்தார் அத்தை. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். வானம் வெளுக்கும்போது கோயில் வாயிலில் நின்றோம்.

இறங்கி வரும்போது, "போன ஆண்டே இப்படி வந்திருக்கலாம், அத்தை, என்னால்தான் தாமதம்" என்றேன். அவர் சிரித்தார். "படி முந்நூற்று அறுபத்தைந்து, தம்பி. ஒரு படிக்கு ஒரு நாள் காத்திருந்தேன், கணக்குச் சரியாகிவிட்டது" என்றார்.

அத்தை பொறுத்துக்கொண்டார். எல்லாப் பயணங்களும் மறு ஆண்டு வரை பொறுத்திருப்பதில்லை. ஆகையால், புறப்படும் முன்பே எண்ணித் தேர்ந்துகொள்ளுங்கள்.